பதினைந்தாம் திகதி லீவு

மரியரஞ்சனிக்கு எரிச்சல் வரப் பெரிய காரணம் தேவையில்லை. புலம்பெயர்ந்து வந்த ஊரான குரோருட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒன்பது வருடமாக வேலை. ஒன்பது வருடமும் தீபாவளிக்கு அவள் கேளாமலே லீவு, பௌத்தரின் வெசாக்குக்கு வாழ்த்து. ஒருமுறை ரமழானில் அவள் தேநீர் குடிப்பதைப் பார்த்து மேலாளர் கிறெத்த திடுக்கிட்டே போனாள். "நான் கத்தோலிக்கம்" என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். இலங்கை என்றால் கிறெத்தவுக்கு எல்லாம் ஒரே சாம்பாறு.

2004 ஓகஸ்டில் அவளுக்கு உண்மையாகவே லீவு தேவைப்பட்டது. மகள் டிலக்சி நிமோனியாவில் கிடந்தபோது இலங்கையில் மடுக் கோயிலில் இருக்கும் மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். பதினைந்தாம் திகதி, திருநாளன்று, இங்கே நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் தன் கையால் சமைத்துப் போடுவதாக நேர்த்தி. அன்று ஞாயிறு, அவளுக்கு வேலைநாள்.

அதே நாளை அனஸ்ரேசியாவும் கேட்டிருந்தாள். பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்யும் சிங்களப் பெண். சிலாபத்தில் வளர்ந்தவள், தமிழும் கதைப்பாள். சின்ன வயதில் வருடம் தவறாமல் மடுவுக்குப் போய்க் காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கியவள்.

கிறெத்த மரியரஞ்சனியைத் தனியே கூப்பிட்டாள். "ஒருவரைத்தான் விடமுடியும். மடு தமிழர் பகுதியில்தானே? அப்படியென்றால் இது தமிழர் பண்டிகை, இல்லையா?"

மடுவில் சிங்களத்திலும் பூசை உண்டு, அனஸ்ரேசியாவும் கத்தோலிக்கம்தான் என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். சொன்னால் லீவு கைநழுவிப் போகலாம். ஒன்பது வருடம் கத்திய அந்த வாய், ஓம் என்பதற்கு அந்த ஊர்ப் பாஷையில் "யா" என்று மட்டும் சொன்னது.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் அனஸ்ரேசியா ஒரு மெழுகுதிரிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அக்கா, எனக்காக இதை மாதாவுக்குக் கொளுத்திவிடுங்கோ. சிங்களம் எண்டா பௌத்தமாம், கிறெத்த சொல்லுறா. நான் எவ்வளவு சொல்லியும் விளங்கேல்லை."

"அதுகளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்!" என்று மரியரஞ்சனி முணுமுணுத்தாள்.

"ஓம் அக்கா. நீங்களும் எனக்காகச் சொல்லிப் பாத்திருப்பீங்கள்."

ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டுப் போயிருக்கலாம். இப்படிச் சொன்னவளை என்ன செய்வது?

ஞாயிறன்று எண்பது பேருக்குச் சமைத்துப் பரிமாறினாள். எல்லாரும் கைமணத்தைப் புகழ்ந்தார்கள். மாதாவின் முன்னால் போய் நிற்கத்தான் அவளுக்குக் கால் வரவில்லை.