எர்சீலியாவின் பார்லரில் ஒரு இரட்டைக்குழல்

எர்சீலியா பெல்லேரி பழைய துப்பாக்கியை நக்கிப் பார்த்தே அது செய்த வருஷத்தைச் சொல்லிவிடுவார் என்று இத்தாலியின் கார்தோனேயில் ஒரு பேச்சு உலவுகிறது. பள்ளத்தாக்கின் மேல்கோடிக்குப் போகப்போகப் பேச்சும் வளர்கிறது. இரும்பு இனித்தால் இத்தாலி, புளித்தால் வெளிநாடு என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்கிற ஊர் இது; கதை செய்வது துணைத்தொழில். நேரில் பார்த்துவிடலாமென்று ஒரு வியாழக்கிழமை போனேன்.

எர்சீலியா நடத்துவது பெண்களுக்கான பார்லர். கம்பளிப் போர்வையில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு நுழையும் ஆண்களை, தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கணவர் இறந்த வருஷம், பரணில் துருவேறிக் கிடந்த துப்பாக்கியை எர்சீலியா ஒரு வியாபாரிக்கு வாஷிங் மெஷின் விலைக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அதே துப்பாக்கி ஓர் ஏலப் பட்டியலின் அட்டைப்படமாக வந்தது. அவர் அழவில்லை. துணி துவைக்கும்போதெல்லாம் வியாபாரியைத் திட்டினார். பிறகு புத்தகம் வாங்க ஆரம்பித்தார். கூந்தல் அலங்காரப் பத்திரிகைகள் இருக்க வேண்டிய அலமாரியில் இன்று லியேஜ், பர்மிங்காம், வியன்னா என்று ஊர் ஊராகத் துப்பாக்கி முத்திரைப் புத்தகங்கள்.

நான் போனபோது மதுக்கடை ஃபவுஸ்தோ துப்பாக்கியோடு வந்திருந்தார். அவர் கடைச் சுவரில் கம்பி கட்டித் தொங்கும் இரட்டைக்குழலை ஊரே அறியும். 1866இல் கொள்ளுத்தாத்தா விடுதலை வீரர் கரிபால்டியின் படையில் சண்டை போட்ட ஆயுதம் அது. ஞாயிறன்று கடை வாசலில் கொள்ளுத்தாத்தா பெயரில் கல்வெட்டு பதிக்கப்போகிறார்கள், மேயர் வருகிறார். அதற்குமுன் துப்பாக்கிக்கு ஒரு சான்று வேண்டுமென்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, அறுபத்தாறுல செஞ்சதுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டாப் போதும்.”

“பாக்காமலேவா?”

“பாத்துட்டே எழுது. ஆனா அதையே எழுது.”

முடி உலர்த்திக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபவுஸ்தோவின் மாமியார் பியேரா. “எம்பொண்ணைக் கேட்டு வந்தப்பவும் மாப்பிள்ளை இதைத்தான் காட்டினாரு. நிலம் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். கரிபால்டின்னாரு.”

எர்சீலியா குழலுக்கடியில் இருந்த முன்கட்டையைக் கழற்றி, பூதக்கண்ணாடியை எடுத்தார். உற்றுப் பார்க்கப் பார்க்க அவருடைய நாக்கு நுனி உதட்டோரமாக வெளியே வந்தது. அவ்வளவுதான் விஷயம். தெருவிலிருந்து கண்ணாடி வழியே பார்க்கிறவனுக்கு நக்குகிற மாதிரிதான் தெரியும். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

“நீள்வட்டத்துக்குள்ள மூணு எழுத்து, மேல கிரீடம். குழல் வெடிக்காதுன்னு சோதிச்சுக் குத்தின முத்திரை. இதுல கிரீடம் வந்ததே தொண்ணூத்தி மூணுலதான்டா தம்பி.”

“அப்ப அறுபத்தாறுல?”

“இதோட இரும்பே மண்ணுக்குள்ள இருந்திருக்கும்.”

“வருஷம் கெடக்கட்டும். முத்திரை எந்த ஊரு?”

“லியேஜ்.”

“பெல்ஜியமா?” ஃபவுஸ்தோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கொள்ளுத்தாத்தா போருக்கே போகவில்லை என்றால் கார்தோனே மன்னிக்கும். பெல்ஜியத் துப்பாக்கி வாங்கினார் என்றால் மன்னிக்காது. பியேரா உலர்த்தியைத் தானே அணைத்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதல்லவா.

“மேல கார்தோனேன்னு செதுக்கியிருக்கே அக்கா,” என்றார் ஃபவுஸ்தோ ஈனக் குரலில்.

எர்சீலியா ஒரு சீப்பை எடுத்து, அதன் முதுகை இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையின்மேல் நிறுத்தினார். எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் சீப்புக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. பள்ளம்.

“இங்க வேற பேரு இருந்திருக்கு. அதை அரத்தால ராவிட்டுப் புதுசா வெட்டியிருக்காங்க. உன் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன வேலை?”

“செதுக்குப் பட்டறைல…”

“நெனச்சேன். மலிவுன்னு வாங்கிட்டாரு, வெளிய சொல்ல வெக்கம்.”

“அப்ப அடியில இருந்த முத்திரையை மட்டும் ஏன் விட்டாரு?”

“பேரை மாத்தலாம். சோதனை முத்திரைல நம்ம ஊர்க்காரன் கை வைப்பானா?”

பியேரா சுருள் உருளைகளோடு எழுந்துவந்து, பூதக்கண்ணாடியை வாங்கி எழுத்துகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “திருட்டு வேலைதான். ஆனா முத்து முத்தா இருக்கு.”

சம்பந்தி வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுவாம். ஃபவுஸ்தோ மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கல் வெட்டுகிறவரிடம் ஓடினார். நல்லவேளை, கடைசி வரி பாக்கியிருந்தது. ஞாயிறன்று திரை விலகியபோது கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே “செதுக்குக் கலைஞர்” என்று மட்டும் இருந்தது. மேயர் கரிபால்டியைப் பற்றித்தான் பேசினார். பேச்சு முன்னமே எழுதியாகிவிட்டது.

எர்சீலியா காசு கேட்கவில்லை. ஒரு ஸ்பியேதோ போடச் சொன்னார்: கம்பியில் கோத்த இறைச்சியை நாளெல்லாம் தணலில் சுற்றி, வெண்ணெய் வார்த்துச் சுடுவது. தனக்கும் பியேராவுக்கும், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எனக்கும். ஃபவுஸ்தோ முதலில் விறகு ஈரம் என்றார். பிறகு, கேட்ட கடுதாசியை அக்கா எழுதவே இல்லையே என்றார்.

எர்சீலியா, தான் கழற்றிய முன்கட்டையைத் திருப்பித் தராமல் கொண்டை ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மதுக்கடைச் சுவரில் துப்பாக்கி அது இல்லாமல்தான் தொங்குகிறது. அண்ணாந்தால் கிரீடம் தெரிந்துவிடும் என்று ஃபவுஸ்தோ குழலைச் சுற்றி ஒரு கைக்குட்டையைக் கட்டியிருக்கிறார். ஸ்பியேதோ இன்னும் வரவில்லை.