வெர்னிஸ் எழுதி வாங்கிய டிரம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எங்கள் பள்ளி பஸ்ஸை ஓட்டுபவள் வெர்னிஸ் டாகெட். அதே பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். முழங்கால் அளவு பனி கிடந்தாலும், பஸ்ஸைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் தட்டி, அவசரக் கதவைத் திறந்து மூடிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டாள்.

"கிளம்பேண்டி, உறைஞ்சே போயிருவேன்!" என்று கத்துவேன்.

"உறைஞ்சா உன் சத்தமாவது குறையும்" என்பாள்.

அவள் மகள் கியானாவுக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். டிரம் என்றால் உயிர். ஆனால் அவள் படிக்கும் எங்கள் அரசுப் பள்ளியில் இசை வகுப்பு மாடியில், லிஃப்ட் கிடையாது. மற்றவர்கள் மேலே முழக்கும்போது இவள் கீழே படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் ஒரு தனியார் பள்ளி கூப்பிட்டது. வவுச்சர் உண்டு, கட்டணத்தை அரசே கட்டிவிடும். இசை அறையோ தரைத்தளத்தில்! கியானா குதியாட்டம் போடாத குறைதான்.

கையெழுத்துப் போட வெர்னிஸ் போனாள், கூடவே கியானாவும் நானும். பஸ்ஸைச் சோதிப்பது போலவே அந்தப் பள்ளியையும் சுற்றினாள். கழிப்பறைக் கதவைத் திறந்தாள், சாய்தளத்தை மிதித்துப் பார்த்தாள். கடைசியில் முதல்வர் நீட்டிய படிவத்தை வரி விடாமல் படித்தாள்.

"சார், இவளுக்குன்னு அரசுப் பள்ளி சட்டப்படி எழுதிக் குடுத்த திட்டம் இங்க செல்லாதுன்னு போட்டிருக்கே. அப்போ இவளுக்கு உதவியாளர்?"

"முடிஞ்சதைச் செய்வோம் மேடம்."

"முடியலேன்னா?"

முதல்வர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. "வேற பள்ளிதான் பாக்கணும்."

வெர்னிஸ் பேனாவை மூடினாள். வீடு வரும்வரை கியானா அழுதாள். அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வாரம் அரசுப் பள்ளியில் அந்தத் திட்டத்தைத் திருத்தும் ஆண்டுக் கூட்டம். உட்காரும் முன்பே வெர்னிஸ் சொன்னாள்: "திட்டத்துல டிரம்மையும் எழுதுங்க."

"அறை மாடியில இருக்கே மேடம்" என்றார் ஒரு ஆசிரியர்.

"அறையைத் தூக்க முடியாது. டிரம்மைத் தூக்கலாம்ல? நான் ஒண்ணும் தயவு கேக்கல, இது அவ உரிமை. எழுதாம எந்திரிக்க மாட்டேன். மூணு மணிக்கு உங்க பள்ளிப் பிள்ளைங்க எல்லாரும் என் பஸ்லதான் வீட்டுக்குப் போகணும், ஞாபகம் இருக்கட்டும்!"

எழுதினார்கள்.

திங்கட்கிழமை காலை வகுப்பே திரண்டு டிரம்களைப் படியில் இறக்கியது. "மெதுவா! இடிச்சீங்கன்னா தெரியும்!" என்று கீழிருந்து அதட்டியது கியானாதான்.

வெர்னிஸ் பஸ்ஸை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். டிரம் சத்தம் வெளியே வந்தது.

"தாளம் தப்புதேடி" என்றேன்.

"தப்பட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது எம் பொண்ணுதான்."