இட்லித் தட்டில் மிஞ்சிய போல்ட்

மெக்கானிக் ஷெட் என்றால் ஒரு டப்பா நிறைய மிஞ்சிய போல்ட் இருக்கும். வண்டியைப் பிரித்து மாட்டினால் ஒன்றிரண்டு மிஞ்சத்தான் செய்யும். அதற்காக எவனும் சாப்பாட்டை விட்டதில்லை. ஈஜிபுராவில் எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான், அவன் ஒருத்தனைத் தவிர.

அவனும் நானும் ஒரே வயது, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம், விவேக் நகரில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. வீட்டிலிருந்து நாலு பழைய இட்லித் தட்டு கொண்டுவந்து வைத்திருந்தான். ரேடியேட்டரைக் கழற்றினால் அதன் போல்ட்டுகள் ஒரு குழியில், டைனமோவுக்கு அடுத்த குழி. எல்லாம் மாட்டி முடித்ததும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், தட்டுகளைத் துடைத்து வண்டிக்காரரிடம் காட்டுவான். “பாத்துக்குங்க சார், தட்டு காலி.” அந்த ஒரு வரிக்கு வாடிக்கையாளர்கள் சொக்கிப் போவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை என் வண்டியில் மிஞ்சிய போல்ட்டைத் தட்டில் வைத்து, பத்துப் பேர் முன்னால் நீட்டினான். “மச்சா, இந்தா உன் இட்லி. சாம்பார் ஊத்தவா?” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே குனிந்து அது எந்த இடத்துப் போல்ட் என்று கண்டுபிடித்து மாட்டிக் கொடுத்தான். கேலியை மன்னித்திருப்பேன். மாட்டிக் கொடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காபி எஸ்டேட்காரர் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே சீட். பானட்டைத் திறந்தால் எலிக்கூடும் துருவும்தான். சந்தாபுராவில் புது ஷெட் போடவிருந்த முதலாளி, இந்த வண்டியை ஒழுங்காக முடிப்பவன்தான் அங்கே தலை என்று சொல்லிவிட்டார். வண்டியை அவனிடம் கொடுத்தார். என்னை ஒத்தாசைக்கு நிறுத்தினார்.

பானட்டுக்கு அடியில் இருந்த அத்தனையும் வெளியே வந்தது. உள்ளே சுரண்டி, பெயின்ட் அடித்து, ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். நாலு தட்டும் நிறைந்தன. அந்தக் கார் போல்ட்டின் திருகு மரை வேறு; நம் ஊர் போல்ட் அதில் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். அதே மரையில், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டின் அதே நீளத்தில் ஒன்று கிடைத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். அவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசி நட்டை முறுக்கிவிட்டு அவன் கை கழுவப் போனான். தட்டில் ஸ்டீயரிங்குக்கான குழியில் என் போல்ட்டை வைத்தேன். எஸ்டேட்காரர் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றிருந்தார். “ஏனப்பா, ஸ்டார்ட் மாடோணவா?” என்று கன்னடத்தில் கேட்டார், ஸ்டார்ட் பண்ணலாமா என்று. அவன் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

“டப்பால போட்ரா. எவனுக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

“ஸ்டீயரிங் போல்ட்டுடா. ஓசூர் ரோட்ல போறப்ப கழண்டா மனுஷன் செத்துருவான்.”

எஸ்டேட்காரரிடம் அவனே உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பினான். பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினான். மூன்று நாள் அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் வாயால் எண்ணிக்கொண்டே மாட்டினான். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லா ஓட்டையும் அடைபட்டிருந்தது. தட்டில் அந்த ஒன்று மட்டும் இருந்தது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

முதலாளியும் வந்துவிட்டார். “குடுறா, நான் பாக்கறேன்” என்று அவனிடமிருந்து நான் போல்ட்டை வாங்கி, ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்தேன். போல்ட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஸ்பேனரை இரண்டு மூன்று முறை தட்டினேன். வெளியே வந்து முதலாளியிடம் வெறுங்கையைக் காட்டினேன்.

“ஸ்டீயரிங் பாக்ஸ் பின்னாடி ஒரு ஓட்ட காலியா இருந்துச்சுண்ணா. போட்டு முறுக்கிட்டேன்.”

“எங்கடா? காட்டு,” என்றான் அவன்.

இருவரும் அடியில் படுத்தோம். அந்த மூலையைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் போகும். அவன் விரலைப் பிடித்து ஒரு போல்ட்டின் தலைமேல் வைத்தேன். அன்று காலை என் கண் முன்னால் அவனே முறுக்கிய போல்ட். அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

“காலைல இத நான்தான் முறுக்குனேன்னு நெனச்சேன்டா,” என்றான்.

“நெனச்சிருப்ப.”

சந்தேகப்பட ஒரு ஆள் பக்கத்திலேயே படுத்திருக்க, அவன் தன்னையே சந்தேகப்பட்டான்.

வெளியே வந்ததும் முதலாளி முன்னால் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“இவன் இல்லன்னா ஒரு உசுரு போயிருக்கும்ணா. சந்தாபுரா ஷெட்ட இவனுக்கே குடுத்துருங்க. என் கைய இனிமே நானே நம்ப மாட்டேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.