அக்காவின் பெயரில் வந்த ரிப்போர்ட்

அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. விழுப்புரத்தில் ஒரு லேபில் ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். முடிவுக்கான லிங்க் ஒரு சாயங்காலம் அவள் போனுக்கு வந்தது. திறந்து பார்த்தவள் திண்டிவனத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லையாம்டி, சாதாரண கட்டிதானாம்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுநாள் விடிந்ததும் அம்மா வேண்டுதலை முடிக்கத் திருவக்கரைக் கோயிலுக்குக் கிளம்பினாள். நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

முந்தின நாள் திறந்தது போனில் மூடாமல் அப்படியே இருந்தது. அக்கா அந்த ரிப்போர்ட்டைக் காட்டினாள். அவள் படித்தது கடைசி வரியை மட்டும்தான். நான் மேலிருந்து படித்தேன். பெயர் அவளுடையது. கட்டி இருந்த இடம் மட்டும் வலது பக்கம் என்றிருந்தது.

"டைப் அடிச்சவன் தூங்கிக்கினு அடிச்சிருப்பான்" என்று அக்கா சிரித்தாள்.

வேறு தொழிலில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சர்வர் புரோகிராம் எழுதுகிறவள்.

ஒருவர் லிங்க்கைத் தொட்டால், அந்தக் கோரிக்கை சர்வரில் பல அடுக்குகளைக் கடந்து போகும். முதல் அடுக்கு, வந்திருப்பது யார் என்று பார்க்கும். கடைசி அடுக்கு ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும். யார் என்ற விவரம் அந்தக் கோரிக்கையோடு ஒட்டிக்கொண்டே கை மாறிப் போக வேண்டும். பதில் போனதும் அழிந்துவிட வேண்டும். அப்படி எழுதச் சோம்பல்படுகிற புண்ணியவான்கள், அதை எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் போட்டுவைப்பார்கள். ஒருவர் மட்டும் வந்தால் கோளாறே தெரியாது. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தால், ஒருவர் விவரத்தின் மேல் அடுத்தவருடையது ஏறிவிடும். மேலே அச்சாகும் பெயர் முதல் அடுக்கிலேயே பதிந்திருக்கும், கீழே வரும் ரிப்போர்ட் மட்டும் அடுத்தவருடையதாக இருக்கும். இந்த லேப் எல்லோருக்கும் சாயங்காலம் மொத்தமாக மெசேஜ் அனுப்புகிறது. எல்லோரும் பயந்துகொண்டே ஒரே நேரத்தில் திறப்பார்கள்.

நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பக்கத்தை மறுபடி திறந்தேன். இப்போது இடது பக்கம் என்று வந்தது. கடைசி வரியும் மாறியிருந்தது. இன்னும் ஒரு தடவை திறந்தேன். அதேதான்.

"அக்கா, நேத்து வந்தது உன்னுது இல்ல."

போனை வாங்கி அவளே படித்தாள். இந்தத் தடவை மேலிருந்து கடைசி வரி வரை. பிறகு, "அப்போ என்னுது வேற யாருக்காச்சும் போயிருக்குமா?" என்றாள்.

"போயிருக்கலாம்க்கா."

"லேபுக்கு போன் போடு."

போட்டேன். எடுத்தவன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "காலையிலேர்ந்து ஒருத்தவங்க விடாம கூப்பிட்டுக்கினே இருக்காங்க மேடம். எனக்குக் கட்டி வலது பக்கம், ரிப்போர்ட்ல இடதுன்னு வந்திருக்குன்னு. டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும், டாக்டரப் பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, அவங்க பாத்தது என்னுது. ஒரிஜினல எடுத்துப் பாத்துட்டு ஜல்தியா அவங்களுக்குச் சொல்லு. ராவெல்லாம் அழுதுகினு இருந்திருப்பாங்க. சொல்லிட்டு எனக்குக் கூப்பிடு."

காத்திருந்தோம். நடுவில் அம்மா திருவக்கரையிலிருந்து கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன், விலக்கிக்கொண்டாள்.

கடைசியில் லேபிலிருந்து போன் வந்தது.

"பாத்துட்டேங்க. நீங்க சொன்னது சரிதான். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, சொல்லிட்டேன்."

"நல்லாக் கேட்டுக்கினாங்களா?"

"கேட்டுக்கினாங்க. உங்களுக்கு..." என்று அவன் இழுத்தான்.

"தெரியும்பா" என்று சொல்லிப் போனை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அக்கா அழுதாள்.