மகள் எடுத்து வந்த தட்டு

கொரோனா வந்தபோது என் வயிற்றுக்குள் இருந்தது என் மனைவி தந்த சிறுநீரகம். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. புதிய உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க நான் விழுங்கிய மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவைத்திருந்தன. இந்த நோய் மட்டும் உங்களுக்கு வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடலூரில் எங்கள் வீட்டு முன்னறையை விட்டு நான் வெளியே வருவதில்லை. ஜன்னலில் உட்கார்ந்தால் வாசல் குழாய் தெரியும். நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் ஒன் படித்த என் மகள் கடைக்குப் போய் வந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போவாள். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்ப்பாள். அதோடு விடமாட்டாள். அழுக்குக் கையால் திறந்த குழாயின் திருகுக்கும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அதை மூடுவாள். எனக்கே அது தோன்றியதில்லை. பத்தாவது படித்த என் மகனோ தண்ணீருக்குக் கையைக் காட்டுவான், அவ்வளவுதான். பிறகு கால்சட்டையின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டு வருவான்.

எங்கள் தெருவில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. நோட்டு வாங்க வரும் மகளின் தோழிகள் மாஸ்க்கால் மூக்கை மூடியபடி கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார்கள். பையன்களுக்கு மாஸ்க் தாடையில் தொங்கும். கத்தினால், போலீஸ் செம்மண்டலம் சந்திப்பில் மட்டும்தான் நிற்கிறது என்று என் மகன் எனக்கே பாடம் எடுப்பான். அவனுக்கு மாஸ்க்கும் ஹெல்மெட்டும் ஒன்று, இரண்டும் போலீசுக்காகப் போடுவது.

பஸ் ஓடத் தொடங்கியதும் பரிசோதனைக்குச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. மகள்தான் கூட வந்தாள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் எழுந்து நின்று, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள். புதுச்சத்திரத்தில் இறங்கும்வரை அந்த மனிதர் மூக்கைத் திறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், விளையாடிவிட்டு வந்த தம்பியை மகள் கேட்டிலேயே நிறுத்தினாள். அவன் தாடையில் தொங்கிய மாஸ்க் எங்கள் வீட்டுடையது இல்லை. அதட்டிக் கேட்டதில் உண்மை வந்தது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாஸ்க். அது மைதானத்து வேலியில் தொங்கும். எவன் கடைக்குப் போகிறானோ அவன் எடுத்து மாட்டிக்கொள்வான். முந்தின நாள் அதை மாட்டிய பையன் இப்போது காய்ச்சலில் படுத்திருக்கிறான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்வரை அவனைத் திட்டினேன். கோபத்தைவிட எனக்குப் பயம்தான் ஜாஸ்தி. அவன் அழுதான். மனசு கேட்காமல் உள்ளே கூப்பிடப் போன என் மனைவியை மகள் தடுத்தாள். குழாயை ஒட்டிச் சாமான் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அதைக் கூட்டிவிட்டு, அங்கிருந்த பரணிலிருந்து ஒரு பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்தாள்.

அவை அவளுடையவை. வயதுக்கு வந்ததிலிருந்து, மாதம்தோறும் அந்த மூன்று நாட்களும் அவள் அதே அறையில் படுத்து, அதே தட்டில்தான் சாப்பிட்டாள். எங்கள் வீடுகளில் அது வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தம்பிக்கு அவள் சொல்லித் தந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டை எங்கே வைக்க வேண்டும், சோறு போடும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், துணியை எங்கே உலர்த்த வேண்டும், எதைத் தொடக் கூடாது. ஒரு இடத்தில்கூட யோசிக்கவில்லை. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இங்கே எப்படித் தனியாக இருப்பது என்று அவன் முனகினான்.

"இருக்கலாம்டா, ஒண்ணும் ஆவாது. நான் மாசா மாசம் இருக்கேன்ல?" என்றாள். கை உயர்த்தி ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒனக்காச்சும் நோய் இருக்குமோன்னு வெக்கிறோம். எனக்கு என்னா இருந்துச்சு?"

அவனிடம்தான் சொன்னாள். ஜன்னலில் நான் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

மகனுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இன்று நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அவள் கெட்டிக்காரத்தனத்தால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனிமை முடிந்து மகன் வீட்டுக்குள் வந்த அன்று, கழுவிய தட்டை அவள் மறுபடி பரணுக்குக் கொண்டுபோனாள். நான் கூப்பிட்டு, மதியச் சோற்றை எனக்கு அதில் போடச் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள் குழாயடிக்குப் போய் அதை இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தந்தாள்.