கோயில்பிள்ளை இன்னாசியின் மூக்கு

வெள்ளிக்கிழமை சாயந்திரச் செபத்துக்குத் திருந்தாதி மணியை அடித்து, கயிற்றை ஆணியில் மாட்டிய கையோடு, எங்கள் வேதக்கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை இன்னாசி எங்கள் தெருவில் இறங்கிவிடுவான். தோளில் துண்டு, கையில் செபமாலை, எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்கு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கழுத்தை நீட்டி, பாம்பு சீறுவதுபோல ஒரு இழுப்பு இழுப்பான். பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, "இன்னாம்மா, கத்திரிக்கா கொழம்பா? புளி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வான். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டான் என்றால் அந்த வீட்டில் கறி வெந்திருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை காலையில், பூசை வைக்க வருகிற சாமியாரின் வண்டி வந்து நின்றதும் அந்தச் செய்தி போய்விடும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வேதத்தில் சுத்தபோசனம். கறி ஆகாது. மற்ற ஊர்களில் இது லேசான காரியமாக இருக்கலாம். ஆம்பூர்ப் பக்கம் அப்படி இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்புகள் எல்லாம் சாயபுமார்களுடையவை. அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. வாரமெல்லாம் சுண்ணாம்புக் குழியில் முழங்கால் ஊற நின்றவன் வீட்டில் கால் நீட்டி உட்காருகிற ஒரே நாள் அது. தொழுகை முடிந்ததும் ஊரெல்லாம் பிரியாணி மணக்கும். நம் ஆள் கீரையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி தின்னத் தடையில்லை; ஆனால் அன்றைக்கு வேலை நாள்.

அந்த ஞாயிறு பூசையைக் காப்பாற்றிக் கொடுத்தவனே நான்தான். ஷாப் முதலாளி ஆபித் பாஷா சாயபு முன்னால் நின்று, "உங்க ஜும்மாவுக்கு நாங்க குறுக்க நிக்கறோமா? எங்க பூசைக்கு நீங்க குறுக்க நிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அன்று முதல் எங்கள் ஜனம் விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு வேலைக்குப் போகிறது. பள்ளிக்கூடத்து மணலில் நான் எழுதிய எழுத்து அழிவதற்குள் தோல் சுமக்கப் போனவன் நான். இன்றைக்கு எனக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது. சாயபு என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசுவார். யாரையும் லேசில் நம்பாததால் வந்த உயர்வு இது. நம்பியிருந்தால் இன்னும் தோல்தான் சுமந்துகொண்டிருப்பேன்.

இன்னாசியையும் நான் நம்பவில்லை. ஐம்பது வயதுக் கட்டை, ஒல்லி உடம்பு, பெண்டாட்டி பிள்ளை இல்லை. கோயிலை ஒட்டிய அறையில் தனியாகப் பொங்கித் தின்கிறவன். என் வீட்டில் ஒருநாள் சாப்பிட உட்காரவைத்தேன். குழம்பு எப்படி என்று கேட்டேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே இருந்தான். பூசையில் சாம்பிராணி போடுவதற்கு அவனுக்குக் கணக்குத் தெரியாது. புகையில் சாமியாரே இருமிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். இவன் மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்பான். இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளிக்கிழமை சுற்றில் கதவு சாத்திய வீட்டு முன்னால் இவன் மூக்கை நீட்டுவதே இல்லை. உள்ளே குழம்பு கொதித்தாலும் சரி, வாசலில் ஆள் இருந்தால்தான் நீட்டுவான். இவனே எங்காவது ரகசியமாகக் கறி தின்கிறானோ, அதை மறைக்கத்தான் இத்தனை வேஷமோ என்றுகூட எனக்கு ஒரு எண்ணம்.

ஆனால் தெரு அவனுக்குப் பயந்தது. பூசையில் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், வாங்குகிறவர்கள் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் வர வேண்டும். சாமியார் அப்பம் கொடுத்துக்கொண்டு வரும்போது பக்கத்தில் தட்டுப் பிடிக்கிறவன் இன்னாசி. காப்பி குடித்துவிட்டு வந்தவன் முன்னால் தட்டு நீளாது. சாமியார் புரிந்துகொண்டு அவனைத் தாண்டிப் போய்விடுவார். எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருக்கிறான். ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை என்று சாமியாருக்கு அவன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

போன வருஷம் நாற்பது நாள் தபசுகாலத்துக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை. தோல் ஊறப்போட ஆவாரம்பட்டை இடிக்கிற மதலேனாள் வீட்டு வாசலில் இன்னாசி நின்றான், இழுத்தான், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான். மதலேனாள் புருஷனை இழந்தவள். மகள் சிசிலியைக் கலவை ஊரில் ஒரு நல்ல இடத்துக்குப் பேசி முடித்திருந்தாள். கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும், இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலையைக் கேட்க மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். சனிக்கிழமை காலையில் சாமியார் சொல்லி அனுப்பிவிட்டார்: மதலேனாள் நாளைப் பூசை முழுக்கக் கோயில் வாசற்படியில் முட்டிபோட்டு, கைகளை விரித்து நிற்க வேண்டும்.

மதலேனாள் அழுதுகொண்டு என் கிடங்குக்கு ஓடிவந்தாள்.

"மாமா, கலவைக்காரங்க படியேறி வர்றப்ப நான் அங்க முட்டிபோட்டுகினு கெடந்தா இன்னா நெனப்பாங்க? வண்டியத் திருப்பிகினு போய்டுவாங்க மாமா. எம் பொண்ணு கதி?"

"அது இருக்கட்டும். கறி தின்னியா இல்லையா?"

"வூட்ல கறி கீது மாமா. திங்கல."

சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவள் வீட்டுக்கே போய்ப் பானையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பச்சைக் கறி, உப்பும் மஞ்சளும் தடவியது. அடுப்பு முகம் பார்க்காத கறி. சாயபு வீட்டில் சமைக்கிற மஹ்பூபி வெள்ளிக்கிழமை அறுத்த ஆட்டில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி விருந்துக்கு இவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

"இதை இன்னாசிகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"இனாம் கறியில சம்பந்திக்கு விருந்து வெக்கிறாளாம்னு தெருவே சிரிக்கணுமா மாமா? அதான் வாயே தொறக்கல."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது என்று இன்னாசி சாமியாரிடம் சொல்லியிருக்கிறான். கொதிக்காத குழம்புக்கு வாசனை எங்கிருந்து வந்தது?

நேரே கிடங்குக்குப் போனேன். உப்புப் போதாமல் அழுகல் விழுந்த ஆட்டுத்தோல் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வாழையிலையில் சுற்றி, மேலே புதுத்துண்டு போர்த்தி, மடியில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பூவம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மாமா, செத்த எலியா? மடியில கட்டிகினு எங்க ஊர்கோலம்?" என்றாள். தெரு நாய் ஒன்று என் பின்னாலேயே வந்தது.

இன்னாசி பீடத்துக்குப் பின்னால் பூசைச் சாமான் அறையில் உட்கார்ந்து மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன். "வாங்க மாமா" என்றான். முகம் சுளிக்கவில்லை.

"இன்னாசி, உன் மூக்குக்கு ஒரு வேலை. மடியில என்ன இருக்குது, சொல்லு பார்ப்போம்."

கழுத்தை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தான். கண்கள் மட்டும் என் முகத்தில் இருந்தன. என் முகத்தில் என்ன கிடைக்கும்? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தோல் விலை பேசிப் பழகினவன் நான். பட்டணத்து வியாபாரிகள் எத்தனையோ பேர் இந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து போயிருக்கிறார்கள். இன்னாசி பார்த்தான், மறுபடியும் இழுத்தான், மறுபடியும் பார்த்தான். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாழையிலை நுனி அவன் கண்ணில் பட்டது.

"ஆபித் பாஷா வூட்டு பிரியாணி. நெய் கொஞ்சம் ஜாஸ்தி."

நான் துண்டை எடுத்தேன். ஈக்கள் எழுந்தன. அவன் தோலைப் பார்த்தான், வாசலில் நின்ற நாயைப் பார்த்தான். புளிக்கையை மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டான்.

"மூக்கு எப்ப போச்சு?" என்றேன்.

"சுண்ணாம்புக் குழியிலயே செத்துப்போச்சு மாமா. கோயில் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே. இந்தச் சாம்பிராணி எப்படி மணக்கும்னு எனக்குத் தெரியாது."

"அப்புறம் எப்படிடா இத்தனை பேரைப் பிடிச்ச?"

"நான் எங்க மாமா புடிச்சேன்? மூக்க நீட்டுனா அவங்க மூஞ்சியே சொல்லிடும். கறி வெச்சவ அடுப்பத் திரும்பிப் பாப்பா. கீரை வெச்சவ என்னையே மொறைப்பா. கத்திரிக்காக் காம்பு வாசல்ல கெடந்தா கத்திரிக்காக் கொழம்பு. மதலேனா பானையப் பாத்து நடுங்கிட்டா. நான் இன்னா பண்றது?"

"பச்சைக் கறிடா அது. நாளைய விருந்துக்கு."

அவன் மெழுகுதிரித் தண்டைக் கீழே வைத்தான்.

"சாமியார்கிட்ட போய்ச் சொல்லு" என்றேன்.

"சொன்னா கோயில்ல இருந்து எறக்கிடுவாரு மாமா. மறுபடியும் குழிதான். இந்தக் காலு சுண்ணாம்பு தாங்காது." வேட்டியைத் தூக்கிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து வெளுத்துக் கிடந்தது.

"அந்தப் பொண்ணு கலியாணம் நின்னா தாங்குமா? நாளைக்கு அவள் முட்டிபோட்டா, பூசை முடிஞ்சதும் இந்தத் தோலை நடுத்தெருவுல விரிச்சு, உன்னை மோந்து பார்க்கச் சொல்லுவேன். அப்புறம் உன் இஷ்டம்."

எழுந்து வந்துவிட்டேன். சாயந்திரம் பாவசங்கீர்த்தன வரிசை நின்றபோது நான் தூணோரமாக நின்று கவனித்தேன். எப்போதும் வரிசையை அதட்டி ஒழுங்கு பண்ணுகிறவன் அன்றைக்குக் கடைசி ஆளாகத் தானே நின்றான். உள்ளே போனவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறர் முகத்தைப் படிக்கிறவனுக்குத் தன் முகத்தை மூடிக்கொள்ளத் தெரியாதா என்ன? வேறு ஏதாவது சில்லறைப் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

சாமியாரிடம் என்ன சொன்னாய் என்று பிற்பாடு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். "பாவசங்கீர்த்தனத்துல நடந்தத வெளிய கேக்கக்கூடாது மாமா" என்று எனக்கே உபதேசம் பண்ணுகிறான். இந்த மூக்குச் சங்கதியைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டதற்கு மட்டும், "எழுதுங்க. நம்ம தெருவுல எவன் பத்திரிகை படிக்கறான்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குப் போனேன். இடுப்பில் அந்தத் தோல் இருந்தது. சொன்னால் சொன்னதுதான் எனக்கு. கிழக்கு வெளுக்கும்போது மதலேனாள் முக்காடு போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்தாள். வாசற்படிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படியில் அவளுடைய இடத்தில் இன்னாசி முட்டிபோட்டிருந்தான். இரண்டு கைகளும் விரிந்திருந்தன. வெளுத்த காலில் கல் உறுத்தியிருக்கும்; உடம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"நீ உள்ள போம்மா. பொண்ணு பக்கத்துல உக்காரு" என்றான், அவளைப் பார்க்காமல்.

மதலேனாள் என்னைப் பார்த்தாள். நான் போ என்று தலையசைத்தேன். சாமியார் பீடத்தருகே வந்து ஜனங்கள் பக்கம் திரும்பினார். வாசற்படியைப் பார்த்தார். புத்தகத்தை விரித்தார்.

அந்த நேரத்துக்குத்தான் கலவை வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் தகப்பன் ராயப்பன் முன்னால் இறங்கினார். பெரிய ஆள், ஜரிகைத் துண்டு, சம்பந்தி மிடுக்கு. படியில் கிடந்தவனைப் பார்த்து, "யார் இது? என்ன குத்தம் பண்ணான்?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க கோயில்பிள்ளை. அவன் சொந்தக் கணக்கு அது" என்றேன்.

ராயப்பன் படியில் கால் வைத்தார். பழக்க தோஷம், இன்னாசியின் கழுத்து நீண்டது. மூக்கு ஒரு இழுப்பு இழுத்தது. சம்பந்தியின் கை சட்டென்று துண்டு நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி என்ன குடித்துவிட்டு வந்தாரோ, அது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் மகனோடு நன்மை வாங்கப் போக வேண்டியவர் முகம் செத்துப்போயிற்று. இன்னாசி அந்த முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். உள்ளே சிசிலியின் பெயரைச் சாமியார் வாசிக்க ஆரம்பித்திருந்தார்.

இன்னாசி தலையைத் தாழ்த்தி, கண்களை இறுக மூடிக்கொண்டான்.