மூன்றரை டன்னுக்குள் ஒரு குடித்தனம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் அழுக்குத் துணியை எடை போட்ட ரோஸ்விதா அம்மாளுக்கு, ஓட்டுநர் உரிமம் கிடைத்தது ஐம்பத்திரண்டாவது வயதில். அது மூன்றரை டன் வண்டி வரைதான் செல்லும். கணவர் எக்பெர்ட்டினுடையது பழைய காலத்து உரிமம். ஏழரை டன் வரைக்கும் ஜெர்மன் அரசாங்கம் அவரை நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை தலைக்கேறி, ஓய்வு பெற்ற மறுவாரமே படுக்கையும் அடுப்புமுள்ள எட்டு மீட்டர் நீள வீட்டுவண்டி ஒன்றின் முன்னால் போய் நின்றார்.

"நாலரை டன். ராஜா மாதிரி போலாம், ரோஸி!"

"நீ ராஜா. நான்?"

"நீ பக்கத்துல உக்காந்து வழி சொல்லு."

இருபத்தாறு வருஷம் வழி சொன்னவர் ரோஸ்விதா அம்மாள். நேராகப் பக்கத்திலிருந்த, மூன்றரை டன்னுக்குள் அடங்கும் ஆறு மீட்டர் வண்டிக்குள் ஏறினார்.

படுத்துப் பார்க்காமல் வண்டி வாங்குவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்கள். விற்பனையாளர் துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் கால்மாட்டில் கைகட்டி நின்றார். கால் வெளியே நீளும் என்று எக்பெர்ட் மனதார எதிர்பார்த்தார். நாலு சென்டிமீட்டர் மிச்சமிருந்தது.

"சாமான் வைக்க இடம் பத்தாது," என்றார், படுத்தபடியே.

"இடம் பத்தும். எடை பத்துதான்னு பாப்போம்."

எக்பெர்ட் அன்றிரவே கணக்குப் போட்டார். தண்ணீர், காஸ், ஆட்கள் போக இருநூற்றைம்பது கிலோ சாமான் ஏற்றலாம். ரோஸ்விதா அம்மாள் தாளைப் படித்தார்.

"இதென்ன, உன் எடை எழுபத்தெட்டா?"

"ராணுவத்துல எடுத்தது. முத்திரை குத்திக் குடுத்தாங்க."

"எந்த வருஷம்?"

குளியலறைத் தராசு கூடத்துக்கு வந்தது. எக்பெர்ட் தொண்ணூற்றெட்டு. அந்த இருபது கிலோவுக்காக சாமான் பட்டியலிலிருந்து முதலில் இரும்பு அடுப்பு கழிந்தது. பிறகு ஒவ்வொரு சாமானாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறினார்.

"ஆறு நாற்காலி எதுக்கு?"

"விருந்தாளி வந்தா?"

"நிக்கட்டும்."

ஆறு மீட்டர் வண்டியே வாசலுக்கு வந்தது.

ஜூலையில், விடுமுறையின் முதல் சனிக்கிழமை, நெடுஞ்சாலையில் போலீஸ் வீட்டுவண்டிகளை ஓரங்கட்டி எடை போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற ஏழு மீட்டர்க்காரர் தண்ணீர்ப் பெட்டிகளையும் மாமியாரையும் இறக்கிக்கொண்டிருந்தார். ரோஸ்விதா அம்மாள் எடைமேடைமேல் வண்டியை ஏற்றினார்.

"மூவாயிரத்து நானூத்தி எண்பத்தஞ்சு," என்றார் போலீஸ்காரர். "பதினஞ்சு கிலோ மிச்சம். கச்சிதம்மா! காலைலேருந்து எடைக்குள்ள நின்ன மொத வண்டி உங்களுதுதான்."

"இவருக்குச் சரியா காதுல விழல. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

அவர் சொன்னார். பக்கத்து வரிசைக்கும் கேட்டது.

ஆல்ப்ஸ் மலைக்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர். வழியில் எக்பெர்ட் மூன்று தடவை, "கை வலிக்குதா, மாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

வலிக்கவில்லை.